நாற்காலி உங்களுக்கா, நீங்கள் நாற்காலிக்கா?



"குடும்ப நல வெளியீட்டில் நாற்காலியைப் பற்றி என்ன பேச்சு?" என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள், தவறில்லை. ஆனால் கடைசி வரை படித்துவிட்டு, வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் தினமும் உட்காரும் நாற்காலியை ஒரு தடவை நூல் பிடித்து அளந்து பாருங்கள். அப்புறம் நான் சொன்னது வீண் பேச்சா, விஷயமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.

நம் பெரியவர்கள் வயலில் நின்றும் குனிந்தும் பாடுபட்டார்கள். குச்சிக்கிழங்கு பிடுங்கினார்கள், களை வெட்டினார்கள். இன்றைக்குக் கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பக்கத்து வீடுகளில் ஒருவராவது உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் போகிறார். சேகோ ஆலையில் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர், இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர், வீட்டுத் திண்ணையில் தையல் மிஷின் என்று வேலைக்குக் குறைவில்லை. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் ஒரே இருக்கையில்! காலுக்குச் செருப்பு வாங்கும்போது போட்டு, நடந்து பார்த்து, கடித்தால் மாற்றிக் கேட்கிறோம். உடம்பு முழுவதையும் தாங்கும் நாற்காலியை மட்டும் யாரும் அளவு பார்ப்பதில்லை.

ஒரு தம்பதியின் கதை

ஒரு கிராமத்தில் தாய்மார் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயது முப்பதுக்கு மேல். இரண்டு குழந்தைகள். நாலு வருடத்துக்கு முன்பு குடும்ப நல அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். "அம்மா, ஆபரேஷன் பண்ணதுலேர்ந்து இடுப்பு விட்டுப் போகுதும்மா. முதுகுல போட்ட ஊசிதான் காரணம்னு எங்க மாமியார் சொல்றாங்க. எங்க நாத்தனாரு பண்ணிக்கலாம்னு இருந்துச்சு. என்னைப் பார்த்துட்டு வேண்டாம்னுடுச்சு" என்றார்.

பாருங்கள், ஒருவருடைய இடுப்பு வலி இன்னொரு குடும்பத்தின் முடிவையே மாற்றிவிட்டது.

நான் கேட்டேன்: "வலி எப்ப வருது? காலையில எழுந்ததுமா, சாயங்காலமா?" யோசித்துச் சொன்னார்: "சாயங்காலந்தாம்மா. ஞாயித்துக்கிழமை அவ்வளவா தெரியறதில்லை." வேலை என்ன என்று கேட்டால், ஒரு ஆலையில் பில் போடும் வேலை, மூன்று வருடமாக! மறுநாள் அந்த வழியாகப் போனபோது அவர் உட்காரும் இடத்தைப் பார்த்தேன். இரும்பு நாற்காலி, 18 அங்குல உயரம். அவரோ ஐந்தடிக்கும் குறைவு. உள்ளங்கால் தரையில் படவில்லை, கட்டை விரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. முதுகு சாய்மானத்தில் படவே இல்லை.

அவர் கணவர் நல்ல மனிதர். மனைவி படும் பாட்டைப் பார்த்து ஆத்தூருக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெரிய கறுப்பு நாற்காலி வாங்கி, ஆலைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "ஆறாயிரம் ரூபாய் கொடுத்தேங்க. ஆனா அதுல உட்கார்ந்தா இன்னும் வலிக்குதுங்கறா" என்று வருத்தப்பட்டார். அன்பு இருந்தது, பணமும் செலவானது. அளவு மட்டும் எடுக்கவில்லை. அந்த நாற்காலி அவரைவிட ஒரு சாண் உயரம் கூடிய ஆளுக்கு ஏற்றது.

வலி ஏன் வருகிறது?

நாம் உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் புட்டத்தில் உள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. கொஞ்சம் பாரம் தொடைக்கும், கொஞ்சம் பாதம் வழியாகத் தரைக்கும் போக வேண்டும். கால் தரையில் படாவிட்டால் அந்தப் பாரமும் தொடையின் அடியில் ஏறுகிறது. நாற்காலியின் முன் விளிம்பு அங்கே அழுத்துகிறது. கால் மரத்துப் போகிறது, சாயங்காலம் கணுக்காலில் வீக்கம் தெரிகிறது.

அழுத்தம் தாங்காமல் உடம்பு தானாகவே முன்னால் நகரும். நகர்ந்ததும் இடுப்பெலும்பு பின்பக்கம் சாயும். இடுப்புக்கு மேலே முதுகில் இயற்கையாக உள்ள உள்வளைவு தட்டையாகிவிடும். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டுகளுக்கும் தசைநார்களுக்கும் ஒரே பக்கமாக இழுப்பு ஏற்படும். பத்து நிமிடம் என்றால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். தினம் எட்டு மணி, வருடக் கணக்கில் என்றால்?

அறுவை சிகிச்சையில் கட்டப்படுவது வயிற்றுக்குள் இருக்கும் கருக்குழாய்கள். முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தால், போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். பிரசவத்தின்போது முதுகில் இப்படி ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நாட்பட்ட முதுகு வலி இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆதலால் இடுப்பு வலி வந்ததும் ஊசியைத் திட்டாதீர்கள். நாளெல்லாம் எதில் உட்காருகிறோம், என்ன தூக்குகிறோம் என்று முதலில் பாருங்கள். அடிவயிற்று வலி, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவை சேர்ந்து இருந்தால் அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இடுப்பு வலி நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்தது. மனிதரை வேலை செய்ய விடாமல் முடக்கும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதற்குத்தான். நாற்காலி ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நம் கையால் இன்றைக்கே திருத்தக்கூடிய காரணம் அது.

நூல் பிடித்து அளக்கும் முறை

தையல்காரர் டேப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கயிறு போதும். கணவர் மனைவிக்கும், மனைவி கணவருக்கும் அளவு எடுங்கள்.

1. உயரம்: செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, தரையிலிருந்து முழங்காலின் பின் குழிவு வரை அளக்கவும். இருக்கையின் உயரம் அவ்வளவுதான் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை குறைந்தாலும் பரவாயில்லை, கூடக் கூடாது. குத்துமதிப்பாகச் சொன்னால் ஆளின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு. ஐந்தடி உள்ளவருக்குச் சுமார் 15 அங்குலம், ஐந்தரை அடி உள்ளவருக்குச் சுமார் 16½ அங்குலம். கடையில் கிடைக்கும் நாற்காலிகளோ பெரும்பாலும் 17, 18 அங்குலம்! பஞ்சு மெத்தை இருந்தால் ஆள் உட்கார்ந்து அமுங்கிய பிறகு உள்ள உயரத்தையே கணக்கில் எடுங்கள்.

2. ஆழம்: புட்டம் சாய்மானத்தை ஒட்டும்படி பின்னால் தள்ளி உட்காருங்கள். முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் இருக்கை அதிக ஆழம். 'முதலாளி நாற்காலி' என்கிறார்களே, அதில் இந்தக் குறை அதிகம். பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உட்கார்ந்தால் முதுகு அந்தரத்தில் நிற்கும்.

3. முதுகுத் தாங்கல்: இடுப்புக்குச் சற்று மேலே முதுகு உள்வாங்கிய இடத்தில் சாய்மானம் வந்து தாங்க வேண்டும். தலை உயரத்துக்குச் சாய்மானம் இருந்தும் அந்த இடத்தில் குழியாக இருந்தால் பயனில்லை. செங்குத்தாக விறைத்து உட்காரத் தேவையில்லை. கொஞ்சம் பின்சாய்ந்து இருப்பது நல்லது.

4. இருக்கை: முன் விளிம்பு உருண்டையாக, கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும். மெத்தை கையால் அழுத்தினால் சற்று அமுங்கி, உடனே எழும்ப வேண்டும். அடி வரை புதைந்துவிடும் மெத்தை ஆகாது. சித்திரை, வைகாசி வெயிலில் ரெக்ஸின் இருக்கை வியர்த்துக் கொட்டும். பிரம்பு அல்லது நாடாப் பின்னலில் காற்றோட்டம் இருக்கும்.

5. கைப்பிடி: முழங்கை சும்மா தொங்கும் உயரத்தில் இருந்தால் தோளுக்கு இளைப்பாறல். அதற்கு மேல் இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், கழுத்து வலி வரும். மேசையில் இடித்து நாற்காலியை உள்ளே தள்ள விடாத கைப்பிடியைவிட, கைப்பிடி இல்லாததே மேல்.

6. கால்கள்: சக்கர நாற்காலி என்றால் அடியில் ஐந்து கிளை இருக்கட்டும். நாலு கிளை உள்ளது பக்கவாட்டில் கவிழ வாய்ப்பு அதிகம். மேடு பள்ளமான தரைக்குச் சக்கரம் வேண்டாம்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-ஆம் ஆண்டில் வேலை நாற்காலிகளுக்கென்றே ஐ.எஸ். 17631 என்ற தர அளவை வெளியிட்டது. கடையில் கேட்டுப் பாருங்கள். ஆனால் முத்திரை இருப்பது நாற்காலியின் தரத்துக்குத்தான் சாட்சி. உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆத்தூரானாலும் சேலமானாலும் இருவரும் சேர்ந்து போங்கள். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்படாமல் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஒரே நாற்காலியை இருவரும் உபயோகிப்பதானால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் உள்ளதாக வாங்குங்கள். மிகவும் கீழே இறக்கினால் எத்தனை அங்குலம் என்று கேட்டு, இருவரில் குட்டையானவருக்கு அது எட்டுகிறதா பாருங்கள்.

மேசையையும் மறக்காதீர்கள்

முழங்கையை மடக்கி வைத்தால் அது இருக்கும் மட்டத்தில் மேசை இருக்க வேண்டும். எழுதுவதற்கு ஓரிரு அங்குலம் கூடுதலாக இருக்கலாம். நம் அலுவலக மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். அது பலருக்கும் அதிகம். மேசையை அறுக்க முடியாது என்றால் கெட்டியான திண்டு போட்டு இருக்கையை உயர்த்துங்கள். இருக்கை எத்தனை அங்குலம் உயர்ந்ததோ, காலுக்குக் கீழே வைக்கும் பலகையும் அத்தனை அங்குலம் உயர வேண்டும். கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், ஒரு கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

காசு செலவில்லாத வைத்தியம்

புது நாற்காலி வாங்க எல்லோராலும் முடியாது. வேலை செய்யும் இடத்தில் நம் இஷ்டப்படி மாற்றவும் முடியாது. கவலை வேண்டாம்.

கால் எட்டவில்லையா? ஒரு செங்கல்லின் கனம் ஏறக்குறைய மூன்று அங்குலம். இரண்டு செங்கல்லைப் படுக்கையாக வைத்துச் சாக்கைச் சுற்றினால் கால் பலகை தயார். வீட்டில் சும்மா கிடக்கும் மணைப்பலகையும் உதவும். முதுகில் தாங்கல் இல்லையா? ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பின் உள்வளைவில் வையுங்கள். மர நாற்காலி என்றால் நாலு காலையும் ஒரே அளவாக அறுத்துக் குறைக்கலாம். தம்மம்பட்டி மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. தேரும் வாகனமும் செதுக்கும் ஊர்ப் பக்கத்தில் ஒரு நாற்காலிக் காலை அளந்து அறுக்க ஆசாரி கிடைக்க மாட்டாரா?

தரையில் உட்கார்ந்து எழுதுவது கேவலம் என்று எண்ணாதீர்கள். அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து, முன்னால் சாய்வான சிறு டெஸ்க் வைத்து எழுதினார்கள். பலகை சாய்வாக இருப்பதால் கழுத்து அதிகம் குனியாது. முழங்கால் வலி இல்லாதவர்கள் இன்றும் அப்படிச் செய்யலாம். ஒரு தலையணைமேல் உட்கார்ந்து, காலை அடிக்கடி மாற்றிக்கொண்டால் போதும். படுக்கையில் குப்புறக் கிடந்தும், மடியில் வைத்துக் குனிந்தும் கம்ப்யூட்டர் பார்ப்பதுதான் ஆகாது.

எந்த நாற்காலியும் எழுந்திருப்பதற்கு ஈடாகாது

ஆயிரம் ரூபாய் நாற்காலியானாலும் ஐம்பதாயிரம் ரூபாய் நாற்காலியானாலும் அசையாமல் உட்கார்ந்தால் வலி வரும். நாம் நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்பு செட்டு மாதிரி வேலை செய்து, காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்தப் பம்பு ஓடாது. அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து இருபது அடி நடந்துவிட்டு வாருங்கள். தண்ணீர்ப் பாட்டிலை மேசைமேல் வைக்காமல் எட்ட வையுங்கள். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரிய தவறு. சிறுநீர்த் தொற்றுக்கு அது வழிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை வேகமாக நடப்பது போன்ற உடல் உழைப்புச் செய்ய வேண்டும், உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் இருவரும் சேர்ந்து நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடும். வீட்டு விஷயம் பேசிக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

கர்ப்பிணி உட்காரும்போது

வயிறு வளர வளர இடுப்பின் மேல் பாரம் கூடும். பிரசவம் நெருங்கும் மாதங்களில் நாற்காலியின் அளவு இன்னும் முக்கியம். பாதம் ஊன்ற வேண்டும், முதுகுக்குத் துண்டுச் சுருள் வேண்டும், எழுந்திருக்கக் கைப்பிடி இருந்தால் நல்லது. மதியம் சிறிது நேரம் காலை உயர்த்தி வைத்துக்கொள்ளவும். பால் கொடுக்கும் தாய்க்கும் முதுகும் கையும் தாங்கும் நாற்காலி பெரிய உதவி. குழந்தையை நோக்கித் தாய் குனியக் கூடாது, தலையணை வைத்துக் குழந்தையை மார்பு உயரத்துக்குத் தூக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அல்லது முகமும் கையும் வீங்கித் தலைவலி, கண் மங்கல் இருந்தால் "உட்கார்ந்ததால் வந்தது" என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 108-ஐ அழைக்கவும்.

நிற்கிறவர்களுக்கும் நாற்காலி உண்டு

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் சேலம் ஜவுளிக் கடைகளில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய கஷ்டம் வேறு: நாளெல்லாம் நின்றுகொண்டே இருப்பது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, நின்று வேலை செய்பவர் இடையில் உட்கார வசதி செய்ய வேண்டும் என்று 44-ஆம் பிரிவு சொன்னது. ஆனால் கடைகளில் நிற்பவர்களுக்கு அது பொருந்தவில்லை. கேரளத்தில் 2018-ல் கடை ஊழியர்களுக்கு இந்த உரிமை கிடைத்தது. அதன் பின் 2021 செப்டம்பரில் நம் சட்டப்பேரவை, 1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர் அனைவருக்கும் உட்கார இடம் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். வீட்டில் யாராவது அப்படி வேலை பார்த்தால் இதைச் சொல்லுங்கள். இருக்கை கேட்பது சோம்பேறித்தனம் இல்லை, உரிமை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

நாற்காலியைத் திருத்தி, எழுந்து நடந்து, சில வாரம் ஆகியும் வலி குறையவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் விசாரியுங்கள். கீழ்க்கண்டவை இருந்தால் காத்திருக்கக் கூடாது:

- கால் பலமிழத்தல், தொடை இடுக்கிலும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்துப் போதல், சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல். இவற்றில் எது இருந்தாலும் அந்த நிமிடமே ஆத்தூர் அரசு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.
- சாயங்காலக் காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவற்றுடன் முதுகு வலி. முதுகெலும்பில் காசநோய் வருவதுண்டு. முழுமையாகக் குணப்படுத்த மருந்தும் உண்டு.
- கீழே விழுந்த பின் வந்த வலி, இரவில் தூங்க விடாத வலி.

அந்தத் தம்பதி என்ன ஆனார்கள்?

பெரிய கறுப்பு நாற்காலியை ஆலையின் கணக்கர் எடுத்துக்கொண்டார். அவர் நெட்டையானவர், அவருக்குப் பொருந்திவிட்டது. நம் பெண்ணுக்குப் பழைய இரும்பு நாற்காலியே போதுமானதாக இருந்தது. கணவர் இரண்டு செங்கல்லும் ஒரு சாக்கும் கொண்டுபோய் வைத்தார். முதுகுக்கு ஒரு துண்டு. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, "முழுசாப் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேம்மா. ஆனா சாயங்காலம் சமைக்க நிக்க முடியுது" என்றார். மாமியார் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஊசின்னு இப்ப சொல்றதில்லைம்மா" என்று சிரித்தார். நாத்தனாரும் கணவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து எல்லா முறைகளையும் பற்றி விவரம் கேட்டுப் போனார்கள். முடிவு அவர்களுடையது. பயத்தால் எடுக்கும் முடிவாக இல்லாமல், தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆகவே தம்பதிகளே, இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு கயிற்றை எடுங்கள். தரையிலிருந்து முழங்கால் குழிவு வரை ஒருவருக்கொருவர் அளவு எடுங்கள். அந்த அளவில் ஒரு முடிச்சுப் போட்டு, நாளைக்கு உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். நாற்காலி உயரமாக இருந்தால் செங்கல் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.